பாண் பைக்குள் வந்த கை

தோராவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, கைகள்தான் நிற்கும். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் நான் முதன்முதல் அவர் அறைக்குள் போய்க் கை நீட்டியபோது, குலுக்கிய பிறகும் அவர் என் கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார். பெருவிரலை மடக்கினார், நிமிர்த்தினார்.

"உனக்குச் சின்னப் பிடி காணும். ஆனா அடியில கொஞ்சம் நீட்டி விடவேணும்," என்றார்.

நான் அவருடைய வீங்கிய கால்களுக்கு இறுக்கக் காலுறை மாட்டிவிட வந்தவள். எதற்குப் பிடி என்று கேட்டேன். ரிவால்வருக்கு என்றார். எண்பத்தாறு வயது மனுசி காலைக் காபிக்கு முன்னால் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? மேலதிகாரியைக் கூப்பிடுவதா, காலுறையை மாட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு, ஒரு கைப்பிடியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்கு அந்த மாடியில் எல்லோருக்கும் காலுறை பிந்தியது.

இந்த யூட்லாந்துப் பகுதி முழுக்கப் பழைய ரிவால்வர் சேர்ப்பவர்கள் ஒரு காலத்தில் தோராவைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். நூறு வருடத்துத் துப்பாக்கியில் இரும்பு அப்படியே இருக்கும், கைப்பிடி மட்டும் வெடித்திருக்கும், தேய்ந்திருக்கும், காணாமற் போயிருக்கும். அதைத் திரும்ப மரத்தில் செதுக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. "இரும்பைச் செய்தவன்ர பேர் குழல்ல பெரிசா அடிச்சிருக்கும். மரத்தைச் செதுக்கினவனுக்குப் பேர் இல்லை," என்று அவர் சொல்லும்போது மூக்கு சிவக்கும். பிடியைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கத்தில் துப்பாக்கியின் எண் பென்சிலால் எழுதியிருக்குமாம். பெயரில்லாத அந்தச் செதுக்குகாரர்கள் உலகத்துக்கு விட்டுப்போன எழுத்து அது ஒன்றுதான்.

நான் சொல்லப்போவது அவர் சொன்ன கதை. அவர் பேசியது டேனிஷ், அதுவும் பாதிச் சொல்லை விழுங்கும் யூட்லாந்து டேனிஷ். என் காதுக்குள் இறங்கும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், அப்படியேதான் எழுத வரும். அதோடு, கதையில் வரும் தோராவுக்கு இருபத்துமூன்று வயது. அந்தப் பெட்டையை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஹோர்சன்ஸ் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு கைப்பிடிக் கடை இருந்தது. குடைக்கு, கத்திக்கு, ஊன்றுகோலுக்குப் பிடி செய்யும் கடை. துப்பாக்கி திருத்துபவர்களும் உடைந்த பிடிகளை அங்கேதான் அனுப்புவார்கள். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த தோராவுக்கு முதலாளி அந்த வேலையைத் தள்ளிவிட்டார், அவருக்கு அதில் பொறுமை இல்லை. அவளுக்கோ அதுதான் பிடித்தது. குடையை யாரும் எப்படியும் பிடிக்கலாம். ரிவால்வர் சுட்ட கணத்தில் பின்னால் உதைத்து எழும். பிடி கைக்குப் பொருந்தாவிட்டால் அடுத்த வெடி கூரைக்குத்தான் போகும்.

ஆகவே அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வேலை கொண்டுவருபவரிடம் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து, துப்பாக்கியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். விரல்கள் பதிந்த அந்த மண்ணைப் பார்த்து மரத்தைச் செதுக்குவாள். வேறு யாரும் அந்த ஊரில் அப்படிச் செய்யவில்லை. முதலாளி சிரிப்பார், ஆனால் திரும்பி வந்த பிடி ஒன்றுகூட இல்லை.

ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. நாற்பத்துமூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஐவின் அவளைக் கலியாணத்துக்குக் கேட்டான். ஐவின் பேக்கரியில் வேலை செய்பவன். விடியற்காலையில் மூன்று சக்கர வண்டியை மிதித்து வீடு வீடாகக் கறுத்த ரை பாணைப் பைக்குள் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவான். நல்ல பெடியன். ஆனால் கல்லுப் பிள்ளையார் மாதிரி ஒரு முகம், சிரித்ததை யாரும் கண்டதில்லை. தெருவில் ஜெர்மன் சிப்பாயைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான். பயந்தாங்கொள்ளி என்று ஊர் பேசிக்கொண்டது.

தோரா என்ன சொல்வாள்? அந்த நாளில் டென்மார்க் முழுக்க எல்லாக் கேள்விக்கும் இருந்த ஒரே பதிலைச் சொன்னாள். "யுத்தம் முடியட்டும் ஐவின், பிறகு சொல்லுறன்."

புதுச் சப்பாத்து, வீட்டுக்குப் பெயின்ட், பல் பிடுங்குவது, கலியாணம் எல்லாமே யுத்தம் முடியட்டும் என்று நின்றன. யுத்தம் இப்போதைக்கு முடியாது என்ற தைரியத்தில் சொன்னதுதான். ஐவின் தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த மாசி மாதம், ஒரு காலையில், தோரா கதவில் தொங்கிய பாண் பையை எடுத்தாள். கை கனத்தது. பாணுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு களிமண் உருண்டை. அதோடு உடைந்த ரிவால்வர் பிடியின் இரண்டு துண்டுகள். டென்மார்க் ராணுவத்துக்கென்று பெல்ஜியத்தில் செய்த பழைய ரகம், பார்த்தவுடன் அவளுக்குத் தெரியும். யார் அனுப்பியது என்று கேட்க வேண்டியதில்லை. ஜெர்மன்காரருக்கு எதிராக ஒளித்து வேலை செய்பவர்களில் ஒருவர். விஷயம் வெளியே வந்தால் அவளையும் சுவரோடு நிறுத்திச் சுடுவார்கள்.

அவள் களிமண்ணைப் பார்த்தாள். இடக்கைப் பிடிப்பு. அகன்ற உள்ளங்கை. நீளப் பெருவிரல். சின்ன விரல் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்து, பலமாக அழுந்தியிருந்தது. நடுக்கமில்லாத பிடி, தேவைக்கு மேல் இறுக்காத பிடி. தன் விரல்களை அந்தக் குழிகளுக்குள் வைத்துப் பார்த்தாள், வைத்தவள் எடுக்கவில்லை. தண்ணீர் கொதித்து வற்றிக் கேத்தல் கருகும் மணம் வந்த பிறகுதான் எடுத்தாளாம்.

எங்கள் சனம் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கும். எங்கள் கிறிஸ்தவ சபையில் சாதகம் பார்ப்பதில்லை, பாஸ்டரைப் பார்ப்போம். தோரா ஒரு களிமண் உருண்டையைப் பார்த்தாள். யார் பார்த்தது மேல் என்று நான் சொல்லமாட்டேன்.

வால்நட் மரத்தில் பிடி செய்து, வெறும் பாண் பைக்குள் போட்டு இரவு கதவில் மாட்டினாள். காலையில் பைக்குள் பாண் இருந்தது, பிடி இல்லை. யாரோ இருட்டோடு வந்து போகிறார்கள் என்று நினைத்தாள், பயந்தாங்கொள்ளி ஐவின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சில கிழமை கழித்து இன்னொரு உருண்டை வந்தது. சின்ன விரல் வழுக்குகிறது என்று அந்த மண்ணே சொன்னது. திரும்பச் செய்தாள், சின்ன விரலுக்கு ஒரு சிறு படி வைத்து. இந்த முறை, பிடியின் உள்பக்கத்தில், எண் எழுதும் இடத்தில், கத்தி முனையால் ஒரு சின்ன இதயம் கீறினாள். பிறகு வேறு உருண்டை வரவில்லை. பிடி பொருந்திவிட்டது என்று ஒரு பக்கம் சந்தோசம், பாழாய்ப் போன பிடி பொருந்தித் தொலைத்துவிட்டதே என்று மறுபக்கம் அழுகை.

நாற்பத்தைந்தாம் ஆண்டு மே நாலாம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை. லண்டன் வானொலியின் டேனிஷ் செய்தி நடுவில் நின்றது. ஒரு கணம் சத்தமேயில்லை. பிறகு அறிவிப்பாளர் சொன்னார், டென்மார்க்கில் இருந்த ஜெர்மன் படைகள் சரணடைந்துவிட்டன. ஐந்து வருடம் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று தொங்கிய கறுப்புத் திரைகளைச் சனம் பிடுங்கித் தெருவில் எறிந்தது. ஜன்னல் எல்லாம் மெழுகுதிரி. இப்போதும் மே நாலாம் திகதி இங்கே ஜன்னல்களில் மெழுகுதிரி வைப்பார்கள். யுத்தம் முடிந்தால் ஆட்கள் தெருவில் இறங்கி ஆடுவார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் யுத்தம் முடிந்த விதம் வேறு, அதை இந்தக் கதைக்குள் கொண்டுவர மாட்டேன்.

தோராவும் திரையைப் பிடுங்கினாள். பிடுங்கிய ஜன்னலுக்கு வெளியே ஐவின் நின்றான். வெளுத்த கொலர், படிய வாரிய தலை, அதே கல்லு முகம்.

"யுத்தம் முடிஞ்சுது, தோரா," என்றான்.

ஊரிலேயே அந்தச் செய்தி கேட்டுச் சந்தோசப்படாத ஒரே ஆள் அவள்தான். "நாளைக்குப் பின்னேரம் சொல்லுறன்," என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவளுக்கு இருந்தது ஒரு பகல். அதற்குள் அந்தக் கையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அந்தக் கைக்காரனைக் கட்டுவாள். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஐவினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ரை பாண் தின்பாள்.

சனிக்கிழமை காலை கடை திறக்க முன்னமே வாசலில் ஆண்கள் வரிசை. எதிர்ப்பு இயக்கத்தவர்கள் கையில் பட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரை அவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கலாம், சனிக்கிழமை எண்ண விரல் காணாது. பரணில் கிடந்த பாட்டன் காலத்து ரிவால்வர்களை எடுத்துக்கொண்டு வீரர்கள் வந்துவிட்டார்கள், ஊர்வலத்துக்கு முன் பிடி போட்டுத் தா என்று. சிலதில் தோட்டா போகும் துளையே துருவில் அடைத்திருந்தது. அது பரவாயில்லையாம், பிடி மட்டும் பளபளப்பாக இருக்கவேண்டுமாம்.

ரிவால்வர் பிடியின் முழுச் சரித்திரமும் அன்று காலை அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. கலப்பைப் பிடிபோல வளைந்த அமெரிக்கப் பிடி வந்தது. சுடும்போது அது உள்ளங்கைக்குள் உருண்டு, உதையைத் தானே விழுங்கிக்கொள்ளும். அப்படி உருளக்கூடாது என்று முதுகில் ஒரு திமில் வைத்த பிடி வந்தது. அடி உருண்ட குருவித்தலைப் பிடி, சட்டைப்பையில் சிக்காமல் இருக்க. குதிரையில் போகிறவன் தவறவிடாமல் கயிறு கட்ட அடியில் வளையம் வைத்த ராணுவப் பிடி. மரம் செதுக்க ஆள் வைத்தால் செலவு என்று அச்சில் வார்த்த கெட்டி ரப்பர்ப் பிடி, அதில் ஆந்தை முகம் வேறு. ஒரு சாராயக்கடைக்காரர் மனைவியின் கைப்பையில் இருந்த குட்டி ரிவால்வரையும் கொண்டுவந்தார், பிடி முழுக்க முத்துச்சிப்பி.

எல்லோருக்கும் தோரா ஒரே பதில்தான் சொன்னாள். "இடக்கையைத் தாங்கோ."

"நான் வலக்கையால சுடுறனான்."

"பரவாயில்லை, இடக்கையைத் தாங்கோ."

நீட்டினார்கள். சந்தோசத்தில் அன்றைக்குக் கால்களைக் கேட்டிருந்தாலும் நீட்டியிருப்பார்கள். மெலிந்த கை, வியர்த்த கை, தாடிக்காரரின் பூப்போன்ற கை. வரிசையில் அந்தக் கை இல்லை. அவள் பெண்கள் யாருடைய கையையும் கேட்கவில்லை. அரை நூற்றாண்டாகத் தொழிற்சாலைகள் ஆணுக்குத் தடித்த வால்நட் பிடி, பெண்ணுக்குக் கைப்பைக்குள் அடங்கும் சிப்பிப் பிடி என்று செய்து தள்ளியிருந்தன. அந்த அளவுகளை வைத்துத்தான் அவளும் தொழில் பழகினாள். களிமண்ணில் இருந்தது தடித்த வால்நட் கை, பிறகென்ன.

மத்தியானத்துக்குப் பிறகு முதலாளியே கடையைப் பூட்டிவிட்டுக் குடிக்கப் போய்விட்டார். தோரா சொண்டர்கேட தெருவுக்கு ஓடினாள். அகலமான பெருந்தெரு அது, அன்றைக்கு அந்த அகலமும் போதவில்லை. சனம் கைகோத்து நீளச் சங்கிலியாக ஆடியது. தோரா சொன்ன மாதிரியைக் கேட்டால், ஆட்டம் என்றாலே பாவம் என்று பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையில் வளர்ந்த என் மாமியார்கூட அந்த இடத்தில் இருந்திருந்தால் ஆடியிருப்பார் என்று தோன்றும். சங்கிலியில் ஆடும்போது நம்முடைய வலக்கைக்குள் பக்கத்து ஆளின் இடக்கை வரும். தோராவுக்கு வேறென்ன வேண்டும்? புகுந்தாள். ஒரு கையைப் பிடித்தாள், இல்லை. அதை விட்டு அடுத்த ஆளிடம் தாவினாள், இல்லை. தபால்காரர், மீன்காரர், இரண்டு தீயணைப்புக்காரர், உபதேசியார். ஒருவர் அவளைத் தூக்கிச் சுற்றினார், ஒருவர் முத்தம் கொடுத்துவிட்டு யாருக்குக் கொடுத்தேன் என்று பார்க்காமலே போனார். தொப்பி போனது, ஒரு சப்பாத்தும் போனது. தலை சுற்றிச் சிரிப்பு சிரிப்பாக வந்தது, நிறுத்த முடியவில்லை.

அப்போது யாரோ இடையில் புகுந்து அவள் வலக்கையைப் பற்றினார்கள். அகன்ற உள்ளங்கை. நீளப் பெருவிரல். உள்ளே வளைந்து அழுந்தும் சின்ன விரல்.

தோரா கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் வந்த சங்கிலி முழுக்க அவள் முதுகில் மோதியது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்ததாம். திறந்தாள். பக்கத்தில் நின்றது மருத்துவிச்சி கத்தரீனா. ஐம்பது வயது, பீப்பாய் உடம்பு, ஊரில் பாதியைப் பிறப்பித்த மனுசி.

"என்ன பிள்ளை, கால் சுளுக்கிப் போச்சோ?"

"இந்தக் கை," என்றாள் தோரா. பிடித்த கையை விடவில்லை.

"கைக்கு என்ன?"

"பாண் பைக்குள்ள வந்த களிமண்."

கத்தரீனா அவளைச் சங்கிலிக்கு வெளியே இழுத்துப்போய் ஒரு வாசற்படியில் இருத்தினார். தன் மருத்துவப் பையைத் திறந்தார். கத்தரிக்கோலுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் அந்த ரிவால்வர் கிடந்தது, சின்ன விரலுக்குப் படி வைத்த பிடியோடு. மருத்துவிச்சிக்கு ஊரடங்கிலும் போய்வர அனுமதி உண்டு. அந்தப் பையை எந்தச் சிப்பாயும் கிண்டிப் பார்க்கவில்லை.

"செய்தது நீயோ? அச்சாப் பிடி. ஆனா ஒண்டு கேக்கவேணும் எண்டு இருந்தனான். துடைக்கக் கழட்டினால், உள்ளுக்கு ஒரு இதயம். அது ஆருக்கு?"

"நான் ஆம்பிளை எண்டு நினைச்சனான்."

கத்தரீனா சிரிக்கத் தொடங்கினார். படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மூச்சு வாங்கிச் சிரித்தார். "இவ்வளவு காலமாப் பிள்ளையளை இழுத்தெடுத்த கை. பிறகு சிப்பிப் பிடிக்கு அடங்குமோ? நீ என்னைக் கட்டிறதெண்டா நான் என்ர மனிசனட்ட ஒரு சொல்லுக் கேக்கவேணும்."

தோராவும் சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்தபோது நெஞ்சு வெறுமையாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவள் மனதில் வாழ்ந்த மனிதன் சாகவும் இல்லை. அவன் பிறக்கவே இல்லை. அதோடு ஒரு விஷயம் தெளிந்தது. இல்லாத ஒருவனிடமே இப்படி மயங்கத் தெரிந்தவள், மிச்சமாக வந்த ஒருவனுக்குத் தலையாட்டினால் அது அவனுக்குச் செய்யும் அநியாயம். முடியாது என்று சொல்வதற்காக எழுந்து, ஒற்றைச் சப்பாத்தோடு பேக்கரிக்கு நடந்தாள்.

ஐவின் பின்வாசலில் நின்றான். காலையிலிருந்து ஊருக்கே பணிஸ் சுட்டுக் கண்ணிமை வரை மா.

"ஐவின், நான் உன்னட்ட உண்மை சொல்லவேணும். நான் வேற ஒராளை விரும்பினனான்."

"தெரியும்."

"ஆரெண்டும் தெரியுமோ?"

"கத்தரீனா."

அவள் வாசற்படியில் குந்திவிட்டாள்.

"களிமண்ணை உன்ர பைக்குள்ள வைச்சது நான்தான்," என்றான் ஐவின். "நீ செய்த பிடியைக் கொண்டுபோய்க் குடுத்ததும் நான்தான். பாணுக்குக் கீழ நிறையச் சாமான் போனது. அந்தப் பாரத்தோட மிதிச்சா வண்டி ஆடும், சந்தேகப்படுவாங்கள். அதுதான் சிப்பாயளைக் கண்டா இறங்கித் தள்ளினனான்."

"நான் அந்த மண்ணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைக் கண்டனியோ?"

"கதவுக் கண்ணாடியால கண்டனான். கத்தரீனாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நீ பெருமூச்சு விடுறாய். நான் என்ன செய்யிறது? சொன்னா நீயும் மாட்டுவாய், அவவும் மாட்டுவா. சிரிச்சாலும் காட்டிக்குடுத்துப்போடுவன். அதுதான் முகத்தை இறுக்கி வைச்சிருந்தனான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் உடைந்தது. முதலில் உதடு நடுங்கியது, பிறகு தோள், பிறகு வயிறு. அடக்கி வைத்த அத்தனை மாதச் சிரிப்பும் ஒன்றாக வந்தது, இமையிலிருந்து மா கொட்டியது. அவன் பல் வரிசையைத் தோரா அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டாள். அழகான பல்லாம். எண்பத்தாறு வயதிலும் அதைச் சொல்லும்போது கன்னம் சிவந்தது.

"உள்ளுக்குக் கீறியிருந்த இதயத்தையும் கண்டனியோ?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. "கண்டனான். ஒரு பக்க ஆணி இளகியிருந்தது, இறுக்கிறதுக்கெண்டு கழட்டினனான்."

"கண்டுமோ கொண்டுபோய்க் குடுத்தனி?"

"குடுக்காட்டி அவவின்ர கை வழுக்கியிருக்கும்."

அதை அவன் பெருமையாகச் சொல்லவில்லை. பாண் வேகாவிட்டால் நடு பச்சையாக இருக்கும் என்பது போலச் சொன்னான். தோரா அவனைப் பார்த்தாள். சொல்ல வந்த 'முடியாது' எங்கேயோ போய்விட்டது.

"ஓம்," என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பாண்டு வாத்தியக்காரர் வந்துகொண்டிருந்தார்கள். ஐவின் காதைக் குனிந்து நீட்டினான். "ஓம் எண்டு சொல்லுறன்," என்றாள். தாரை ஊதும் சத்தத்தில் அதுவும் போயிற்று. மூன்றாம் முறை அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "நான் உன்னைக் கட்டுறன், ஐவின்." அதே கணத்தில் வாத்தியக்காரர் பாட்டை முடித்து நிறுத்தினார்கள். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பிறகு கை தட்டியது. அன்றைக்குச் சனம் எதற்கும் கை தட்டும். ஐவினை யாரென்றே தெரியாத ஒருவர் ஓடிவந்து அவன் கையைக் குலுக்கி, நாட்டை மீட்டதற்கு நன்றி என்றார்.